வாசிப்பானா, டெப்பா? வாங்குவதற்கு முன் ஒரு போட்டோக் கொப்பி எடுத்துப் பாருங்கள்

கனடாவிலிருக்கும் அண்ணன் தன் அம்மாவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்கு, ஆறு அங்குல மின்னூல் வாசிப்பான் ஒன்றை வாங்கி அனுப்பினார். பெரியம்மா விடாத வாசிப்புக்காரி. பழைய கூத்துப் பிரதிகள், கோயில் மலர்கள், ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய சஞ்சிகைகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவர் ஆசைப்பட்ட ஒரு கூத்து நூலை நூலகம் என்ற இணையத்தளத்திலிருந்து இறக்கி, வாசிப்பானில் போட்டுக் கொடுத்தேன். மட்டக்களப்பு, கல்லடி வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்ன மனே இது, எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு. ஒண்டும் விளங்குதில்லயே" என்றார்.

எழுத்தைப் பெரிதாக்கப் பார்த்தேன். முழுப் பக்கமும் சேர்ந்து பெரிதாகி, ஒவ்வொரு வரியிலும் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. வரியின் தொடக்கத்தைப் பார்க்க இடப்பக்கம் இழுக்க வேண்டும், முடிவைப் பார்க்க வலப்பக்கம் இழுக்க வேண்டும். நாலு வரி போனதும் பெரியம்மா அதை உறையில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டார். மூன்று மாதம் அங்கேயே கிடந்தது. இப்போது அதே கருவி அவருடைய தலைமாட்டில் இருக்கிறது. அது எப்படி நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்கிறேன். "வாசிக்கிறதுக்குக் கிண்டில் வாங்கவா, டெப் வாங்கவா?" என்று பெற்றோரும் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். கிண்டில் என்பது அமேசன் விற்கும் வாசிப்பான். எல்லாருக்கும் பொதுவான பதில் இல்லை. நீங்கள் வாசிக்கப்போகும் கோப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும். கருவியின் விலையையும் விளம்பரத்தையும் பிறகு பார்க்கலாம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

டெப்பின் திரை போனின் திரையைப் போன்றது. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் படத்தைக் காட்டுகிறது. நிறம் இருக்கும், வேகம் இருக்கும், வீடியோ ஓடும். வெளிச்சம் எரிகிறவரை பற்றரியும் குறைந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து வாசித்தால் எட்டு, பத்து மணித்தியாலத்தில் சார்ஜ் கேட்கும்.

வாசிப்பானில் இருப்பது ஈ-இங்க் திரை. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்தில் பிறந்து, 1997இல் தனி நிறுவனமாக வளர்ந்த தொழில்நுட்பம் அது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அப்படி வந்து நின்ற பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் பண்ணினால் நாளுக்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் வாசிக்கிறவருக்கு வாரக்கணக்கில் தாங்குகிறது. இந்தத் திரை தானாக ஒளிராது. தாள் மாதிரி வெளியிலிருந்து வருகிற வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும். இரவில் வாசிக்க, இப்போதைய வாசிப்பான்களில் ஓரத்திலிருந்து திரையின் மேல் பரவும் சின்ன விளக்குகள் உண்டு.

கல்லடிக் கடற்கரையில் பத்து மணி வெயிலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். டெப்பில் உங்கள் முகமும் தென்னை ஓலையும்தான் தெரியும். வாசிப்பானில் வெயில் கூடக்கூட எழுத்துத் தெளிவாகும்.

முதற்படி: என்ன வாசிப்பீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நீங்கள் வாசிக்க விரும்பும் பத்துப் புத்தகத்தை எழுதுங்கள். "நாவல்", "பொது அறிவு" என்று வகை எழுத வேண்டாம், பெயரையே எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றும் எந்த வடிவில் கிடைக்கிறது என்று போனிலேயே தேடிப் பாருங்கள். மின்னூலில் முக்கியமாக இரண்டு சாதி உண்டு.

ஒன்று, எழுத்து ஓடும் கோப்பு. ஈபப், கிண்டில் வடிவங்கள் இந்த வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து திரைக்குள் அடங்கும். அமேசன் கடையில் 2016இன் இறுதியிலிருந்து தமிழ் மின்னூல்கள் விற்பனைக்கு வருகின்றன. 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் இலவசமாகவே கிடைக்கிறது. ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் அங்கே தருகிறார்கள். சங்க இலக்கியம், காப்பியம், பக்திப் பாடல் தேடுகிறவர்களுக்கு 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. அங்கே பலதும் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில் உள்ளன, எளிதாக ஈபப் ஆக்கலாம்.

மற்றது, பக்கத்தைப் படம் பிடித்த கோப்பு. ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப். 2005இல் தொடங்கிய நூலகம் தளம் ஈழத்து நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் பெரிய களஞ்சியம். மட்டக்களப்பு எழுத்தாளர் ஒருவரின் அச்சில் இல்லாத கவிதைத் தொகுப்போ, கல்முனைப் பக்கத்து ஆண்டு மலர் ஒன்றோ தேவைப்பட்டால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான். அந்த நூல்களில் பெரும்பாலானவை பக்கப் படங்கள். கருவிக்கு அது ஒரு போட்டோ. போட்டோவுக்குள் இருக்கிற எழுத்தைத் தனியாகப் பெரிதாக்கக் கருவிக்குத் தெரியாது. பெரியம்மாவின் விறாந்தையில் நடந்தது இதுதான்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. போனில் கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் நிறம் மாறித் தெரியுமானால் உள்ளே எழுத்து இருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் அது படம். கோப்பின் பருமனும் காட்டிக்கொடுக்கும். ஒரு நாவலின் ஈபப் பெரும்பாலும் ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும். ஸ்கேன் பிரதி பத்து, இருபது எம்பி இருக்கும், சில வேளை நூறையும் தாண்டும்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதுதான் பாமினி. இங்கே பல வருடமாகக் கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கருத்தரங்குக் கட்டுரை எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் "தமிழ்" என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கோப்புப் பழுதாகவில்லை. பாமினியை ஒருங்குறியாக மாற்றும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. அதில் போட்டு மாற்றி, புது வேர்ட் கோப்பாகச் சேமித்து, தேவையானால் ஈபப் ஆக்கிவிட்டால் எந்தக் கருவியிலும் வாசிக்கலாம்.

பத்துப் பெயரில் ஏழு எழுத்து ஓடும் கோப்பானால் வாசிப்பான் பக்கம் சாயுங்கள். ஏழு படக் கோப்பானால் டெப். இங்கே பலருடைய பட்டியல் ஐந்துக்கு ஐந்து என்று வந்து நிற்கும். அவர்களுக்குத்தான் அடுத்த படி.

இரண்டாம் படி: போட்டோக் கொப்பிக் கடைக்குப் போங்கள்

நாம் சாதாரணமாக வாசிக்கும் தமிழ்ப் புத்தகம் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் அகலம், 21.5 சென்ரிமீற்றர் உயரம். ஆறு அங்குல வாசிப்பானின் திரையை அடிமட்டம் வைத்து அளந்தால் 9 அகலம், 12 உயரம்தான் வரும். முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்க வேண்டுமானால் ஏறத்தாழ 57 வீதமாகச் சுருங்க வேண்டும். 11 புள்ளியில் அச்சான எழுத்து 6 புள்ளியாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளின் எழுத்து மாதிரி.

இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கப் பக்கத்திலிருக்கும் கொமினிகேசனுக்குப் போங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கொடுத்து, ஒரு பக்கத்தை 57 வீதத்துக்குச் சுருக்கி ஒரு கொப்பி, 80 வீதத்துக்கு ஒரு கொப்பி, சுருக்காமல் ஒரு கொப்பி எடுக்கச் சொல்லுங்கள். மெஷினில் வீதத்தைத் தட்டினால் போதும். முதலாவது, ஆறு அங்குல வாசிப்பானில் ஸ்கேன் நூல் தெரியும் அளவு. இரண்டாவது, எட்டே முக்கால் அங்குல டெப். மூன்றாவது, 11 அங்குல டெப். அந்தத் திரையின் அகலம் 15 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் 23க்கு மேல். ஆகவே சாதாரணப் புத்தகப் பக்கம் சுருங்காமலே உள்ளே உட்காரும்.

மூன்று தாளையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பகலில் விறாந்தையிலும் இரவு லைட் வெளிச்சத்திலும் ஒவ்வொன்றையும் முழுதாக வாசியுங்கள். கருவியைப் பாவிக்கப்போகிறவர் வீட்டில் மூத்தவரானால் அவர் கையில் கொடுங்கள். கடையில் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐந்து நிமிடம் சொல்லாததை இந்தச் சில ரூபாய்த் தாள்கள் சொல்லிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரியம்மாவின் அலுமாரியைப் பார்த்துப் பார்த்து யோசித்ததில் வந்த வழி. இன்றைக்குக் கேட்டு வருகிற எல்லாரையும் முதலில் இதைச் செய்யச் சொல்கிறேன்.

ஒன்று கவனியுங்கள். ஏ4 தாள் இதைவிடப் பெரியது. கடந்தகால வினாத்தாள், டியூஷன் குறிப்பு, பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரை எல்லாம் ஏ4. அது 11 அங்குல டெப்பிலும் 70 வீதமாகச் சுருங்கும். டெப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் முழு அகலமும் வரும், பாதிப் பாதியாக மேலே தள்ளி வாசிக்கலாம். ஐபேட் போலக் கொஞ்சம் சதுரமான திரையில் ஏ4 நிமிர்ந்த நிலையிலேயே இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

மூன்றாம் படி: எங்கே, எப்போது வாசிப்பீர்கள்

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்த நாட்கள் ஞாபகம் இருக்கும். அப்போது டெப்பும் போனும் ஒவ்வொன்றாக அணைந்தன. வாசிப்பான் வைத்திருந்தவர்கள் மட்டும் சார்ஜைப் பற்றி யோசிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் மாரியில் காற்றோடு மழை வந்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கிராமப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விசயம்.

கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ரயிலில் போய்வருகிறவர்களுக்கும் வாசிப்பான்தான் வசதி. பல மணித்தியாலம் நீளும் பயணத்தில் கை வலிக்கக்கூடாது. சின்ன வாசிப்பான் 160 முதல் 210 கிராம் வரை இருக்கும். 11 அங்குல டெப் 480 கிராமுக்குக் கிட்ட, உறையும் போட்டால் இன்னும் கூடும். படுத்துக்கொண்டு வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தூக்கம் வந்து அரைக் கிலோ முகத்தில் விழுந்தால் நோகும்.

இன்னொன்று, சாதாரண வாசிப்பானில் வாட்சப் வராது. ஒரு அத்தியாயத்தை இடையில் விடாமல் முடிக்க வேண்டும் என்று ஏங்குகிறவருக்கு அந்த ஒன்றே காசுக்குப் பெறும். டெப்பில் அந்த அமைதியை நீங்களாகத்தான் உண்டாக்க வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு

இதில் நான் தயங்காமல் சொல்வேன்: சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு டெப்தான். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைப் பிடிஎஃப்பாகத் தளத்தில் போடுகிறது. பெரிய பக்கம், நிறப் படம். விஞ்ஞானப் பாடத்தில் சிவப்பு அம்புக்குறியையும் நீல அம்புக்குறியையும் கறுப்பு வெள்ளைத் திரையில் பிரித்தறிய முடியாது. புவியியல் வரைபடமும் அப்படியே. கணக்குச் செய்யும்போது வினாத்தாளின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஈ-இங்க் திரை அதற்கு மெதுவானது, பிள்ளைக்குப் பொறுமை கெட்டுவிடும். குர்ஆன் ஓதுவதற்கும் அரபு மூலமும் தமிழ் மொழிபெயர்ப்பும் பக்கம் பக்கமாகப் பார்ப்பதற்கும் டெப்பே நல்லது என்று காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள்.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படித்து, நாளெல்லாம் கட்டுரை வாசித்துக் கோடிட வேண்டியவர்களுக்கு மூன்றாவது ஒரு வழியும் உண்டு. பத்து அங்குல ஈ-இங்க் கருவி. கிண்டில் ஸ்கிரைப், பூக்ஸ் போன்றவை. ஸ்கேன் பக்கம் ஏறக்குறைய அச்சளவிலேயே தெரியும், பேனாவால் எழுதலாம். விலைதான் நல்ல டெப்பையும் தாண்டும். ஆய்வு, எழுத்து, மொழிபெயர்ப்பு என்று வாசிப்பே தொழிலானவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன்.

நான்காம் படி: வாங்குதல்

டெப் என்றால் வாசிப்புக்குப் பெரிய பலம் தேவையில்லை. 10 முதல் 11 அங்குலத் திரை, 4 ஜிபி ரம், 64 ஜிபி இடம், மெமரி கார்ட் போட ஒரு துளை, இவ்வளவு போதும். காசை வேகத்துக்குச் செலவழிக்காமல் திரைக்குச் செலவழியுங்கள். சிம் போடும் டெப் வாங்கினால் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். வீட்டில் வைஃபை இருந்தால், அல்லது போனிலிருந்து இணையம் பகிர முடிந்தால், சிம் இல்லாததே போதும், விலையும் குறையும்.

வாசிப்பானை இங்கே கடையில் தொட்டுப் பார்த்து வாங்குவது அரிது. கொழும்பில் இறக்குமதி செய்து விற்பவர்களிடம் இணையத்தில் வாங்குகிறோம், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்புகிறோம். அமெரிக்காவில் 2024இல் வெளிவந்தபோது சாதாரணக் கிண்டிலின் விலை 110 டொலர், அதைவிடக் கொஞ்சம் பெரிய பேப்பர்வைட் என்ற கிண்டில் 160 டொலர். இங்கே கேட்கும் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தபாலில் வரவழைத்தால் சுங்க வரி சேரும், அதை முன்கூட்டியே விசாரியுங்கள். விற்பவர் தரும் வாறண்டி எத்தனை மாதம், திரைக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டெப்பின் கண்ணாடி உடைந்தால் மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ மாற்றித்தரும் போன் கடை இருக்கும். ஈ-இங்க் திரை உடைந்தால் பெரும்பாலும் புதுக் கருவி வாங்குவதுதான் கதி.

பாவித்த வாசிப்பான் மலிவாக வந்தால் வாங்கலாம், சில விசயங்களை நேரே பார்த்துவிட்டு. பழைய சொந்தக்காரரின் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள். தொலைந்தது என்று முறையிடப்பட்ட கிண்டிலை உங்கள் பெயரில் பதிய முடியாது. ஆகவே காசு கொடுக்கும் முன் உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். இருட்டு அறையில் விளக்கை முழுதாகக் கூட்டித் திரையில் கோடு, கரும்புள்ளி, திட்டுத் திட்டான வெளிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தமிழ்ச் சோதனை கட்டாயம். மிகப் பழைய கருவிகளில் கொம்பு இடம்மாறி நிற்கும், கால் தனியாக ஓடும். உங்கள் போனில் ஒரு வேர்ட் கோப்பில் "கொக்கு, போக்கு, கௌரவம், லட்சுமி, ஸ்ரீ, க்ஷணம்" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை வாசிப்பான் ஏற்கும் வடிவில் போட்டுத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். "கொ" சரியாக வந்தால் மிச்சமும் பெரும்பாலும் வந்துவிடும்.

முதல் மாலை செய்ய வேண்டியவை

வாசிப்பான் வாங்கினால் முதலில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைப் போடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், அச்சுப் புத்தகத்தின் சாயல் இருக்கும். கணினியில் கேபிளால் இணைத்தால் கிண்டிலில் எழுத்துருவுக்கென்று "fonts" என்ற கோப்புறை தெரியும், அதற்குள் போட்டால் போதும். கோபோ என்ற மற்றொரு நிறுவனத்தின் வாசிப்பானில் அந்தப் பெயரில் ஒரு கோப்புறையை நீங்களே உண்டாக்க வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து எழுத்து அமைப்பில் அதைத் தெரிவு செய்யுங்கள். இது ஈபப் போன்ற கோப்புகளுக்கு மட்டும்தான், பிடிஎஃப்பின் எழுத்துருவை மாற்ற முடியாது.

கிண்டிலுக்குப் புத்தகம் அனுப்பச் "சென்ட் டு கிண்டில்" பக்கம் இருக்கிறது. ஈபப்பையும் வேர்ட் கோப்பையும் நேரே ஏற்கும். 200 எம்பி வரை அந்தப் பக்கத்தில் ஏற்றலாம், மின்னஞ்சலில் என்றால் 50 எம்பி. கோபோவில் கேபிளால் இழுத்துப் போடலாம். அங்கே சாதாரண ஈபப்பில் தமிழ் சிதறித் தெரிந்தால், கெபப் என்ற வடிவுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோப்பு மாற்றும் வேலைக்கெல்லாம் காலிபர் என்ற இலவச மென்பொருள் கணினியில் இருந்தால் போதும்.

டெப்பில் ரீட்எரா போன்ற ஒரு வாசிப்புச் செயலியைப் போடுங்கள். பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டும் வசதியைத் தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள். ஸ்கேன் நூலுக்கு அதுதான் உயிர். இரண்டு பக்கமும் ஒன்றரை சென்ரிமீற்றர் வெள்ளை போனால் எழுத்து அந்த அளவுக்குப் பெரிதாகும். திரை நிறத்தைப் பழுப்பாக்குங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், வாசிக்கும் நேரத்தில் விமான நிலையில் (ஃபிளைட் மோட்) வையுங்கள்.

மழை, உப்புக்காற்று, இடி

ஐப்பசியிலும் சித்திரையிலும் இங்கே இடி மின்னல் பலமாக இருக்கும். வானம் முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மாரி மூன்று மாதமும் பையில் போகும்போது சிப் வைத்த பொலித்தீன் உறைக்குள் போடுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் முச்சக்கரவண்டியிலோ காரிலோ வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிண்டில் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் பாவிக்கத்தான் செய்யப்பட்டது. மூடிய வாகனம் அதைச் சீக்கிரம் தாண்டிவிடும்.

வாசிப்பானுக்கு உண்மையான எதிரி அழுத்தம். ஈ-இங்க் படலத்துக்குப் பின்னால் பல மாதிரிகளில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. மேலே கீறல்கூட இல்லாமல் அது உள்ளே உடைந்துவிடும். என்னுடைய முதல் வாசிப்பான் அப்படித்தான் போனது. கல்முனை பஸ்ஸில் நெரிசல், தோள்பையில் அதற்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். இறங்கிப் பார்த்தபோது மேல் பாதியில் நான் வாசித்த பக்கம் அப்படியே உறைந்து நின்றது, கீழ்ப் பாதியில் வெறும் கோடுகள். அந்த உறைந்த வரிகளை இன்னும் மறக்க முடியவில்லை. கெட்டியான மூடி உள்ள உறை வாங்குங்கள், கருவி வாங்கும் அன்றைக்கே.

கையில் ஏற்கெனவே ஆறு அங்குலம் இருந்தால்

வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்துவிட்டது, வாசிக்க வேண்டியவையோ ஸ்கேன் நூல்கள். இந்த நிலையில் பலர் இருக்கிறார்கள். அதை விற்க வேண்டாம். இரண்டு வழி உண்டு.

முதலாவது, ஓரங்களை வெட்டிவிட்டுக் கருவியைப் பக்கவாட்டில் பிடிப்பது. அப்போது திரையின் 12 சென்ரிமீற்றர் பக்கம் அகலமாகிறது. புத்தகத்தில் எழுத்து உள்ள பகுதி பெரும்பாலும் பத்து, பத்தரை சென்ரிமீற்றர்தான். ஆகவே எழுத்து அச்சிலிருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தரம் தள்ளி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். கவிதை, பாட்டு, கூத்து போன்று வரி குறுகிய நூலுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். இரண்டு பத்தியாக அச்சான சஞ்சிகைக்கு ஒத்துவராது.

இரண்டாவது, படத்தை எழுத்தாக்குவது. ஸ்கேன் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸாகத் திறந்தால் தமிழை அடையாளம் கண்டு எழுத்தாக்கித் தருகிறது. ஒரே தடவையில் முழுப் புத்தகத்தையும் கொடுக்காமல் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துக் கொடுங்கள். பழைய அச்சானால் பிழைகள் வரும். பழைய வடிவ ணை, லை, றா எல்லாம் தடுமாறும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்தித்தான் ஆக வேண்டும். உங்கள் சொந்த வாசிப்புக்கு மட்டும் செய்யுங்கள், உரிமை உள்ள நூலை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

பெரியம்மாவின் கூத்து நூலை இரண்டாவது வழியில்தான் எடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்துப் பக்கம். விருத்தம், தரு என்னும் கூத்துப் பாட்டு, வசனம் என்று பிரித்து, எழுத்தைப் பெரிதாக வைத்து, வேர்ட் கோப்பாக அவருடைய வாசிப்பானுக்கு அனுப்பினேன். முதல் பத்துப் பக்கத்தை அன்றிரவே முடித்துவிட்டார். அடுத்த கிழமை போனபோது கையில் ஒரு சீ.ஆர். கொப்பியைத் தந்தார். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு கோடு அடித்து, பென்சிலால் எழுதியிருந்தார். பதினேழு பிழை. சின்ன வயதில் கூத்துக் களரியில் கேட்ட தரு, அதனால் எழுத்து எங்கே தவறினாலும் காதுக்குத் தெரிந்துவிடுகிறதாம்.

"இந்த வரியில தாளம் தட்டுப்படுது, வடிவாப் பாரு மனே" என்று மூன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். வீட்டுக்கு வந்து மூலத்தைப் பார்த்தேன். ஒரு ணகரம் னகரமாகியிருந்தது.